காலியாக விட்ட கட்டம்

அந்த அக்காவுக்கு வாய் சரியில்லை என்று எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொன்னார்கள். டாக்டர்கள் சொன்னார்கள், தாதிகள் சொன்னார்கள், லிப்ட் ஓட்டிய கிழவர்கூடச் சொன்னார். நானும் சொன்னேன். இன்று அவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தம்மா மாதிரி வேலை செய்ய இனிமே யாரு இருக்கா?" என்று உருகுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் எதிரே நின்ற காலத்தில் ஒருத்தருக்கும் உருகத் தோன்றவில்லை. இப்போது கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உருகுகிறார்கள்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டியா?" என்று அவர் கேட்பார். அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்போது நாற்பது வயது இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி வந்து, ஜார்ஜ்டவுனில் இருந்த எங்கள் தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் அறையில் உட்காருவார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "காரணம் தெரியல, காலியா விட்டிருக்கேன்" என்பார். அது தமாஷ் என்று நினைத்துச் சிரித்தவர்களை முறைப்பார்.

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நோயாளி வீட்டுக்குப் போனாலும் சரி, மேலே போனாலும் சரி, அவர் ஃபைல் ரெக்கார்ட் அறைக்கு வரும். டாக்டர் கடைசிப் பக்கத்தில் என்ன நோய் என்று எழுதியிருப்பார். அக்காவின் மேசையில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. உலகத்து நோய் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு நம்பர் உண்டு. டாக்டர் எழுதிய சொல்லைப் பார்த்து, புத்தகத்தில் தேடி, சரியான நம்பரை ஃபைலின் மேல்மூலையில் இருக்கும் கட்டத்தில் போட வேண்டும். அதற்குப் பெயர் கோடிங். டாக்டர் எழுதாததைக் கோடிங் செய்கிறவர் தானாக ஊகித்துப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். மற்ற ஆஸ்பத்திரிகளில் யார் போய் டாக்டரைக் கேட்பது? 'விவரம் தெரியவில்லை' என்பதற்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு நம்பர் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள்.

அக்கா அந்த நம்பரைத் தொடமாட்டார். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் கேள்வியை எழுதி, ஃபைலில் ஊசியால் குத்தி வார்டுக்குத் திருப்பி அனுப்புவார். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் தானே மாடி ஏறுவார். ஒருமுறை செத்துப்போன ஒருவரின் ஃபைலில் ஒரு பெரிய டாக்டர், மரணத்துக்குக் காரணம் இதயம் நின்றது என்று எழுதியிருந்தார். அக்கா வார்டு நடுவில் அவரை மறித்தார்.

"செத்தவங்க எல்லாருக்கும் இதயம் நிக்கத்தானே டாக்டர் செய்யும்? அது ஏன் நின்னுச்சுன்னு எழுதுங்க."

நாலு தாதிகள், எட்டு நோயாளிகள் முன்னால் கேட்டார். டாக்டர் முகம் சிவந்து மேனேஜரிடம் போனார். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அக்கா கீழே வந்து அதே ஃபைலில் இன்னொரு காலண்டர் தாளைக் குத்தி மறுபடி மேலே அனுப்பினார்.

ஆபீசில் அவரைக் கிண்டலடிக்காத நாளே இல்லை. எங்கள் ஊரில் நாலு நம்பர் லாட்டரிக்கென்று ஒரு புத்தகம் உண்டு. கனவில் பாம்பு வந்தால் இந்த நம்பர், சவப்பெட்டி வந்தால் அந்த நம்பர் என்று படம் போட்டிருக்கும். சீனர், தமிழர், மலாய்க்காரர் என்று எல்லாரும் பார்ப்பார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் ஒருவர் அக்காவின் புத்தகத்தையும் அதில் சேர்த்துவிட்டார். "மூலத்துக்கு என்னா நம்பர்க்கா?" என்று கேட்டு, அக்கா ஏதோ ஞாபகத்தில் சொன்ன நானூற்று ஐம்பத்தைந்தோடு ஒரு சைபரைச் சேர்த்துச் சீட்டு எடுத்தார். ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது. மறுநாள் ரெக்கார்ட் அறை வாசலில் கூட்டம். அக்கா புத்தகத்தை மேசைமேல் சாத்தினார்.

"உக்கார முடியாம ஒருத்தன் அழுத நம்பர்லா அது. உங்களுக்கு வெளையாட்டா போச்சா? போங்க எல்லாம்."

அதற்குப் பிறகும் அந்த டிரைவர் அண்ணன் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

என் பெரியப்பா இறந்தபோது அக்கா துக்க வீட்டுக்கு வந்தார். கூட வேலை பார்க்கிறவர் என்ற மரியாதைக்கு வந்தவர், கும்பிட்டுவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "எதுல போனாரு?" என்று கேட்டார். எழுபத்திரண்டு வயதாகிவிட்டது என்றார் என் சித்தப்பா. "எழுபத்திரண்டு ஒரு வியாதியா?" என்றார் அக்கா. எனக்குக் கால் நுனிவரை கூசியது. கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், "இங்கயுமா அக்கா?" என்று பல்லைக் கடித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. பின்கட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் உட்கார்ந்தார். ஆறு மாதமாகப் பெரியப்பா இருமலோடு இரத்தம் துப்பியதையும், கைக்குட்டையைத் தனியாகத் துவைத்ததையும் பெரியம்மா அவரிடம்தான் சொன்னாள். எங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அக்கா வற்புறுத்தி வீட்டில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். பேத்தி ஒருத்தியின் நெஞ்சில் காசநோய்ப் புள்ளி ஒன்று இருந்தது. அவள் இன்றைக்கு மூன்று பிள்ளைகளுக்குத் தாய். இதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நான் அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டரோடு வந்தவன். எண்பதுகளின் தொடக்கம். பச்சை எழுத்து மின்னும் திரை, ஏர்கண்டிஷன் அறை, கழுத்தில் டை. இருபத்தாறு வயது. புரோகிராம் எழுதுகிறவர்கள் ஊரிலேயே விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் இருந்தார்கள் என்பதால் எனக்குத் தலைகால் தெரியாத கர்வம். முதல் நாளே அக்கா என் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீயும் கோட் போடுறியாமே. நீ எதுக்குக் கோட் போடுறே?"

"நீங்க போடுறது நம்பருக்கா. நான் எழுதுறது கட்டளை. மெஷினுக்கு இதைச் செய், அதைச் செய்னு சொல்றது."

"செய்யுமா?"

"சொன்னா சொன்னபடி செய்யும். எதிர்த்துக் கேக்காது."

"ஏன்னு கேக்காதா?"

"கேக்காது."

"அப்ப மோசமான வேலைக்காரன்லா தம்பி" என்று சொல்லி எழுந்து போனார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய புத்தகத்தை இனி என் மெஷின் விழுங்கிவிடும் என்ற பயம் என்றும் நினைத்தேன். மெஷின் ரூமுக்கு வந்தவர்களிடம் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. அக்கா ஃபைலில் நம்பர் போடுவார். என் ஆட்கள் அதைத் திரையில் தட்டுவார்கள். மாதக் கடைசியில் மெஷின் அறிக்கை அச்சடிக்கும். அரசாங்கத்துக்கு ஒன்று போகும். எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் ஃபேக்டரிகளுக்கு, அவர்கள் ஆட்களின் பட்டியல் தனியாகப் போகும். ஃபேக்டரிகள்தான் எங்களுக்குப் பெரிய வரும்படி. அதனால் மேனேஜர் அந்தப் பட்டியல் விஷயத்தில் ஒரு நாள் தாமதம்கூடத் தாங்கமாட்டார்.

அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். ஒரே வார்டிலிருந்து இருபது ஃபைல் வந்தால் வார்டு எண், தேதி, டாக்டர் பெயர் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். இருபது தடவை தட்டுவானேன் என்று தட்டச்சுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். நான் மூன்று வரி எழுதினேன். கட்டம் காலியாக இருந்தால், அதற்கு மேலே உள்ள ஃபைலில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொள். பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்த மூன்று வரியை எந்தெந்தக் கட்டத்துக்கு வைப்பது என்று யோசித்து, தனித்தனியாக எழுதச் சோம்பல்பட்டு, எல்லாக் கட்டத்துக்கும் வைத்துவிட்டேன். நோய் நம்பர் கட்டத்துக்கும் சேர்த்து. அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

பாயான் லெப்பாஸ் பக்கம் இருந்த ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியிலிருந்து ஒரு நாள் பன்னிரண்டு பெண்களை வேனில் கொண்டுவந்தார்கள். ஒருத்தி அலறி விழுந்தாளாம், பின்னாலேயே மற்றவர்களும் வரிசையாக விழுந்தார்களாம். அந்தக் காலத்தில் இது அடிக்கடி நடந்தது. பழைய சுடுகாட்டின்மேல் கட்டிய ஃபேக்டரி, பேய் பிடித்துவிட்டது என்பார்கள். ஒரு பொமோவை, மலாய் மந்திரவாதியை, கூட்டிவந்து ஆடு வெட்டி வாசலில் இரத்தம் தெளிப்பார்கள். மறுநாள் மெஷின்கள் ஓடும். இந்தத் தடவையும் ஆடு வெட்டினார்கள்.

எங்கள் டாக்டர் முதல் பெண்ணின் ஃபைலில் ஹிஸ்டீரியா என்று எழுதினார். அதாவது மனக்கோளாறு. மற்ற பதினொரு பேரின் ஃபைலில் எழுதியது ஒரே சொல்: 'அதேதான்.'

மறுநாள் வீட்டுக்கு அனுப்பப்போகிறவர்கள் என்று ஃபைல்கள் முன்னதாகவே கீழே வந்துவிட்டன. முதல் ஃபைலில் அக்கா நம்பர் போட்டார். டாக்டர் எழுதியிருக்கிறார், போட்டுத்தான் ஆக வேண்டும். மற்ற பதினொன்றையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகும் வழியில் என் அறைக் கதவைத் தட்டினார்.

"வா. உன் மெஷினுக்குள்ள போறவங்க எப்படி இருப்பாங்கன்னு காட்டுறேன்."

போனேன். போனேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் தெரியாமல் தப்புச் செய்தவன் ஆகிவிடுவேன். கடைசிக் கட்டிலில் நாகம்மா இருந்தாள். நிபோங் திபாலில் ஒரு தோட்டத்துப் பிள்ளை. பத்தொன்பது வயது. சட்டையில் பொத்தான் இருக்க, ஊக்கு குத்தியிருந்தது.

"ஏன் ஊக்கு?" என்றார் அக்கா.

"பொத்தான் மாட்ட வரலக்கா. கூட்டாளி ஊக்கு குத்திவிட்டா, அப்படியே தலைவழியா மாட்டிக்குவேன். விரல் சொன்னபடி கேக்க மாட்டேங்குது. காலும் மரத்துக் கெடக்கு. ரெண்டு மாசமாவே."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவரு கேக்கலக்கா. நர்ஸ் மிஸ்ஸிகிட்ட சொன்னேன், எழுதிக்கிட்டாங்க."

"பேக்டரில நீ என்னா வேலை?"

"பலகையெல்லாம் தண்ணியில முக்கிக் கழுவுறது. தண்ணின்னா தண்ணி இல்ல, பெட்ரோல் மாதிரி ஒரு வாடை அடிக்கும். எங்க வரிசைல எல்லாருக்கும் விரல் இப்படித்தான் இருக்கு. ஜன்னல் கெடையாதுல்ல, தலை சுத்திக்கிட்டே இருக்கும்."

அக்கா என்னைக் காட்டி, இவர் கம்ப்யூட்டருக்குக் கோட் எழுதுகிறவர் என்றார். நாகம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"நானும் கோட் படிச்சவதான் சார். அந்தப் பொடிப் பொடிச் சாமான்ல கலர் கோடு போட்டிருக்கும்ல. பழுப்பு, கருப்பு, சிவப்புன்னா ஆயிரம். பாத்த ஒடனே சொல்லுவேன். பலகை கெட்டுப்போனா அதுக்கும் தனிக் கோட் இருக்கு. யாரு கையில கெட்டுச்சுன்னு அதுலயே தெரிஞ்சிரும்."

"உன் கை கெட்டுச்சே, அதுக்கு என்னா கோட் வச்சிருக்காங்க?" என்றார் அக்கா.

நாகம்மா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பதினொரு ஃபைலிலும் தாதிகள் எழுதிய குறிப்பைப் புரட்டினார். ஒன்பது பேருக்குக் கை கால் மரப்பு. எல்லாரும் ஒரே வரிசையில் வேலை செய்கிறவர்கள். பதினொரு காலண்டர் தாள் எழுதி டாக்டரின் மேசைக்கு அனுப்பினார். மறுநாள் நேரிலும் பிடித்தார். "அதேதான்னு ஒரு வியாதி என் புத்தகத்துல இல்ல டாக்டர்" என்றார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்கா பதினொரு கட்டத்தையும் காலியாக விட்டுவைத்தார். டாக்டர் திரும்பிப் பார்த்து ஒழுங்காக எழுதுவார், எழுதவைக்காமல் விடமாட்டேன் என்றார்.

மாதக் கடைசி வந்தது. ஃபேக்டரிப் பட்டியல் எங்கே என்று மேனேஜர் என் அறை வாசலில் நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா காலத்திலிருந்தே குமாஸ்தா பரம்பரை. யாரையும் நோகப் பேசமாட்டார். "தம்பி, கையில் இருக்கிற ஃபைல் எல்லாத்தையும் ஏத்திப்போட்டுப் பட்டியலை இன்டைக்கே தாரும்" என்றார். ரெக்கார்ட் அறையில் அடுக்கியிருந்ததை எல்லாம் என் ஆட்கள் அள்ளிவந்து தட்டினார்கள். முதல் பெண்ணின் நம்பர் உள்ளே போனது. அடுத்த பதினொரு கட்டமும் காலி. மெஷின் ஏன் என்று கேட்கவில்லை. மேலே இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டே போனது. நான் பட்டியலைப் பார்த்தேன். பன்னிரண்டு வரியிலும் ஒரே நம்பர். அக்கா எப்படியோ முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். நாலு எட்டு வைத்தால் ரெக்கார்ட் அறை. போய்க் கேட்கவில்லை.

பத்து நாளில் நாகம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே அக்காவைத் தேடி வந்தாள். கையில் ஃபேக்டரிக் கடிதம்.

"அக்கா, எனக்குப் பைத்தியமாம்லா. ஒடம்புல ஒன்னும் இல்லியாம். லீவு கட் பண்ணிட்டாங்க. அதே வரிசைக்கு வரச் சொல்றாங்க."

அக்கா என் அறைக்கு வந்தபோது அவர் கையில் பதினொரு ஃபைலும் இருந்தன. ஒவ்வொன்றாக என் மேசையில் விரித்தார். எல்லாக் கட்டமும் காலி.

"இதுல நான் நம்பர் போடல. டாக்டர் போடல. பட்டியல்ல மட்டும் எப்படி வந்துச்சு?"

"புரோகிராம் போட்டிருக்குக்கா."

"அதுக்குக் கை இருக்கா?"

"காலியா இருந்தா மேல உள்ளதை எடுத்துக்கும்."

"யாரு எடுத்துக்கச் சொன்னது?"

"நான்தான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரு அதேதான்னு எழுதுனாரு. அவருகூடச் சண்டை போட்டு நிறுத்தி வச்சிருந்தேன். நீ வார்டுக்கு வந்தே. அந்தப் புள்ளயோட விரலைப் பாத்தே. பாத்துட்டு வந்து நீயும் அதேதான்னு போட்டுட்டே."

"தெரியாம நடந்துபோச்சுக்கா."

"தெரியாட்டி கேக்கணும்லா. வாய் இருக்குல்ல."

பட்டியலைத் திருத்தி அனுப்ப மேனேஜர் கையெழுத்து வேண்டும். போய் நின்றோம். "அனுப்பினது அனுப்பினதுதான். இப்ப மாத்தினால் நாங்கள் முதல் தந்தது பிழை என்டு ஆகும். அவையள் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவினம்" என்றார். டாக்டரும் தான் எழுதியது சரிதான் என்றார். எல்லாரும் பல்லிளித்துக்கொண்டு நல்லவர்களாகவே இருந்தார்கள். ஒருவர் குரல்கூட உயரவில்லை.

அக்கா மட்டும் சும்மா இருக்கவில்லை. நாகம்மாவின் ஃபைலில் தாதி எழுதிய குறிப்பைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்படியே நகல் எழுதி அவளிடம் கொடுத்தார். வேறு டாக்டரிடம் காட்டச் சொன்னார். யாரோ பார்த்து மேலே சொல்லிவிட்டார்கள். விசாரணை வைத்தார்கள். நோயாளியின் ரகசியத்தை வெளியே கொடுத்தது ஒரு குற்றம். பதினொரு கட்டத்தைக் காலியாக விட்டு அறிக்கையைக் கெடுத்தது இரண்டாவது குற்றம். இரண்டாவதற்கு அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி வரவழைத்தார். "நீர் ஒரு பொய்யும் எழுத வேண்டாம். நடந்ததை ஒரு வரியில் எழுதித் தாரும், போதும்."

எழுதினேன். 'ரெக்கார்ட் எழுத்தர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். புரோகிராம் எழுதப்பட்டபடி சரியாக இயங்கியது.' இதில் எந்தச் சொல் பொய்? ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷமாகத் தேடிப் பார்க்கிறேன், ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று காட்ட முடியவில்லை. அப்படி ஒரு அயோக்கியத்தனத்தை என் கையால் எழுதினேன். தேத்தண்ணியையும் குடித்தேன்.

விசாரணையில் அதை வாசித்தபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயே எழுதுனியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இருபது வருஷ வேலை அன்று மத்தியானம் முடிந்தது. புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்கு அடுத்த வருஷம் சம்பளம் உயர்ந்தது. அந்த அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அமைதியானவள், மாடி ஏறமாட்டாள். எல்லாருக்கும் நிம்மதி.

மூன்று வருஷம் அக்காவை நான் பார்க்கவில்லை. தேடவில்லை என்று எழுதுவதுதான் நேர்மை. அக்கரையில் மாக் மண்டினில் ஒரு பட்டறைக்குப் புரோகிராம் விஷயமாகப் பேச ஃபெர்ரியில் போய்க்கொண்டிருந்தேன். மேல்தட்டில் கம்பியைப் பிடித்தபடி அக்கா நின்றார். உற்றுப் பார்த்தார். பசியாறிவிட்டாயா என்று கேட்டார். அவரும் மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் ஸ்டோர் கணக்கு எழுதுகிறாராம். பட்டறைச் சாமான் விஷயமாக ஜார்ஜ்டவுன் வந்துவிட்டுத் திரும்புகிறாராம்.

"அக்கா, நான் பண்ணினது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிருங்க."

"எனக்கு என்னா? எனக்கு வேலை கெடைச்சிருச்சு. நாகம்மாகிட்ட கேளு."

"அது எப்படி இருக்கு?"

"ரெண்டு கட்டையை ஊனிக்கிட்டு நடக்குது. நீ போட்ட நம்பரால அதே வரிசைல இன்னும் அஞ்சு மாசம் வேலை செஞ்சுச்சு. அப்புறம் எந்திரிக்க முடியல. இன்னொரு டாக்டர் பாத்து, அந்தப் பேக்டரித் தண்ணியால நரம்பு கெட்டுப்போச்சுன்னு ஒழுங்கா எழுதிக் குடுத்தாரு. நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டோம். என்னா சொன்னாங்க தெரியுமா? இந்தப் பொண்ணுக்கு முன்னாடியே மனக்கோளாறுன்னு ரெக்கார்ட் இருக்கு, மரப்பும் அதனாலதான்னு சொல்லித் தள்ளிட்டாங்க."

"நான் எழுதிக் குடுக்குறேன்க்கா. மெஷின் போட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்குறேன்."

"மறுமனுவுக்குக் கெடு போன வருசமே முடிஞ்சிருச்சு. அப்ப எங்கலா இருந்தே?"

எங்கே இருந்தேன்? அதே ஏர்கண்டிஷன் அறையில்தான் இருந்தேன். ஒரு ஃபோன் செய்தால் கிடைத்திருப்பேன். அவர் ஏன் செய்யவில்லை என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? கரையில் பட்டர்வொர்த் துறையின் தகரக் கூரை தெரியத் தொடங்கியது. இறங்குகிறவர்கள் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். அக்கா நகரவில்லை.

"ஒன்னு கேக்கணும். இப்பயும் கட்டத்தைக் காலியா விட்டா உன் மெஷின் மேல உள்ளதைத்தான் எடுத்துப் போடுதா?"

நான் படிக்கட்டுப் பக்கம் நகரும் கூட்டத்தைப் பார்த்தேன்.

"கேக்குறேன்ல."

"ஆமாக்கா."

"மூணு வருசமா?"

"ஆமா."

"எத்தனை பேருக்குப் போட்டிருக்கும்?"

"தெரியாது."

"எண்ணிப் பாக்க முடியாதா?"

"முடியாதுக்கா. ஆள் தட்டுனதா, மெஷின் போட்டதான்னு அதுல குறிப்பு இருக்காது. எல்லாம் ஒன்னாத்தான் தெரியும்."

ஃபெர்ரி துறையில் இடித்து நின்றது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு இறங்கிப் போனார்.

நான் இறங்கவில்லை. அதே ஃபெர்ரியில் திரும்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று வரியைத் தேடி எடுத்து அழித்தேன். நோய் நம்பர் கட்டம் காலியாக இருந்தால் ஃபைலை ஏற்காதே என்று எழுதினேன். மொத்தம் நாலு நிமிஷ வேலை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மூன்று வருஷமாக எனக்குக் கிடைக்காத நாலு நிமிஷம்.

மறுநாள் காலை ரெக்கார்ட் அறையிலிருந்து அந்தப் புதுப் பெண் ஃபோனில் கூப்பிட்டாள்.

"சார், மெஷின் கெட்டுப்போச்சு போல. ஃபைலை எடுக்க மாட்டேங்குதுன்னு தட்டுற பொண்ணுங்க திருப்பி அனுப்பிட்டாங்க. கட்டம் காலின்னு காட்டுதாம்."

"காலியா இருந்தா எடுக்காது. என்ன வியாதின்னு மாடிக்குப் போய் டாக்டரைக் கேளுங்க."

"ஒன்னு ரெண்டுன்னா கேக்கலாம் சார். இங்க அடுக்குல பாதிக்கு மேல காலியாத்தான் இருக்கு. நாங்க எப்பயும் இப்படித்தானே அனுப்புவோம்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே சார் இருந்துச்சு?"